அம்மா டாக்டரிடம் சொல்லும் "சரிங்க"வுக்கு என்ன அர்த்தம்?

நொய்யல்கரை:
அம்மாவுக்கு 67 வயது. ரத்தக்கொதிப்பு 6 வருடமாக, சர்க்கரை 4 வருடமாக. ஊரில் தனியாக இருக்கிறார். மாதம் ஒரு தடவை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். எனக்கு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும்தான் ஊர்.

போன ஞாயிறு பார்த்தால் இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல் வரை வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. "எத்தனை நாளா இப்படி?" என்றேன். "ஆச்சு மூணு மாசம். அதுக்குத்தான் டாக்டரு நீர் மாத்திரை குடுத்திருக்காரே" என்றார். எந்த டாக்டர்? டவுனில் ஒரு கிளினிக்காம். காய்ச்சலுக்குப் போயிருக்கிறார், அங்கே பிரஷர் பார்த்து அதிகம் என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கால் வீக்கம். வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை. அந்த மாத்திரையால் ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம். போன மாதம் அப்படி எழுந்தபோது தலை சுற்றிக் கதவில் சாய்ந்திருக்கிறார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா.

மாத்திரை டப்பாவை (பழைய பிஸ்கட் டின்) தரையில் கொட்டி, அட்டைகளில் இருந்த பொடி எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். கவர்மென்ட் அட்டையிலும் அம்லோடிபின் 5, டவுன் அட்டையிலும் அம்லோடிபின் 5. மேலே போட்டிருக்கும் பெயர் மட்டும்தான் வேறு. அம்மா இரண்டையும் ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"டவுன்ல குடுத்ததை இங்க காட்டலையாம்மா?"
"காட்டுனா, எதுக்கு அங்க போனேன்னு திட்டுவாங்க."
"சரி, அவர்கிட்டயாச்சும் இங்க மாத்திரை வாங்கறதைச் சொன்னியா?"
"ஓசி மாத்திரை திங்கறேன்னு அந்த ஏசி ரூமுக்குள்ள உக்காந்துட்டுச் சொல்லச் சொல்றியா?"

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்பு சில தடவை அம்மாவோடு போயிருக்கிறேன். டாக்டர் பேசுவார், அம்மா "சரிங்க, சரிங்க டாக்டரு" என்று தலையாட்டுவார், வெளியே வந்துவிடுவோம். எல்லாம் புரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். இதில் தப்பு யார் மேல்?

ஓபி_டாக்டர்:
தப்பு யார் மேல் என்பதை அப்புறம் பேசலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நாளைக்கே அந்த டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு அம்மாவோடு போங்கள். இடையில் மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 108. வேறு சந்தேகம் என்றால் 104-ல் கேட்கலாம்.

அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து. 5 மில்லிகிராமில் சிலருக்குத்தான் கால் வீங்கும், 10-க்குப் போனால் இன்னும் நிறையப் பேருக்கு. அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வற்றாது. ஆனால் நீர் மாத்திரை தன் வேலையைச் செய்யும்: உப்பும் நீரும் வெளியேறும், எழுந்து நின்றால் தலை சுற்றும். உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது அப்படியே அதுதான் போலிருக்கிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கொரு மருந்து. நானும் செய்திருக்கிறேன், அதனால் அந்த டவுன் டாக்டரைத் திட்ட எனக்கு வாய் வராது.

நேர்ப்பேச்சு:
மன்னிக்கவும். அம்மா சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. சொல்லாததைக் கண்டுபிடிக்க டாக்டர் என்ன ஜோசியரா? நோட்டு போட்டு மாத்திரைப் பெயரை எழுதி வைக்கக்கூட முடியாதா?

செவ்வந்தி:
நேர்ப்பேச்சு சார், நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லாருக்கும் நான் "நர்ஸம்மா". அந்த "சரிங்க"வை உங்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகக் கேட்டிருப்பேன்.

"சரிங்க" என்றால் புரிந்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் "நீங்க பேசுறது காதுல விழுதுங்க" என்பதுதான். சில நேரம் "பின்னாடி கூட்டம் நிக்குது, நான் கிளம்பறேன்" என்று அர்த்தம். இழுத்து, "சரீங்க..." என்று கண்ணைத் தரையில் போட்டால் "நீங்க சொல்றதைச் செய்யப்போறதில்லை, ஆனா உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது" என்று அர்த்தம். இந்தக் கடைசி வகையைக் கேட்டதும் நான் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஆரம்பத்தில் நானும் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. பிறகு மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மாத்திரை டப்பாவைக் கொண்டாங்க, பார்ப்போம்" என்பேன். டப்பா பொய் சொல்லாது. போன மாதம் கொடுத்த அட்டை பிரிக்காமல் கிடக்கும். மருமகளின் தைராய்டு மாத்திரை கலந்து கிடக்கும். ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். கேட்டால், "தினம் போட்டா பழகிப்போயிரும்"! அவர் ஒன்றும் அலட்சியக்காரர் இல்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறார், யோசனைதான் தப்பு. அந்த யோசனையை யாரும் கேட்டதே இல்லை.

நேர்ப்பேச்சு:
சரி நர்ஸம்மா, டப்பா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு வீடாக டாக்டர் போக முடியுமா?

செவ்வந்தி:
டாக்டர் போக வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் ஊர்ப் பெண்களே பிரஷர் கருவியோடும் சர்க்கரை பார்க்கும் கருவியோடும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் கூரியர் வேலை. டப்பாவைப் பார்த்தால்தான் அது நம் வேலை.

ஓபி_டாக்டர்:
என் பக்கத்தையும் சொல்கிறேன், சாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன், தென்மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. காலை 8-லிருந்து 12 வரை ஓபி. சர்க்கரை, பிரஷர் நாளன்று 120 சீட்டு. 240 நிமிடம், 120 பேர். அதற்குள் ஒரு நாய்க்கடி வரும், ஒரு கர்ப்பிணி வருவார், மாவட்டத்திலிருந்து ரிப்போர்ட் கேட்டு இரண்டு போன் வரும். 2017-ல் 67 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வந்தது. நோயாளியோடு டாக்டர் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு மொழி. "உனக்கென்ன டாக்டரே, நீயும் தமிழன்தானே" என்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரியவர், "மேலுக்கு முடியல" என்றார். மேலே என்றால் நெஞ்சா, தலையா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மேல் என்றால் உடம்பு, காய்ச்சலடிக்கிறது என்று பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ்தான் சொன்னார். ஓர் அம்மா, "வீட்டுக்குத் தூரமாகி ரெண்டு மாசமாச்சு" என்றபோது, எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று விசாரித்தவன் நான். அவர் சொன்னது மாதவிலக்கை. படித்தது முழுக்க ஆங்கிலத்தில். "பர்னிங் மிக்சுரிஷன்" தெரியும், "நீர்க்கடுப்பு" தெரியாது.

எனக்கு இன்னும் பயம் தரும் சொல் "வாயு". நெஞ்சு அடைக்கிறது, வேர்க்கிறது, "வாயுப் பிடிப்புங்க, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று அவர்களே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். இரண்டு நிமிட அவசரத்தில் அந்தப் பெயரை அப்படியே வாங்கிக்கொள்வது ரொம்பச் சுலபம். இப்போதெல்லாம் வாயு என்று யார் சொன்னாலும் ஈசிஜி எடுக்காமல் அனுப்புவதில்லை.

கறிவேப்பிலை:
டாக்டர் சார் நல்லவராகத் தெரிகிறார், அதனால் அவரிடமே கேட்கிறேன். நேரம் இல்லை, மொழி இல்லை, சரி. ஆனால் "நீ, வா, போ" எதற்கு? எங்கள் அப்பாவுக்கு 72 வயது. ஆஸ்பத்திரியில் 28 வயது டாக்டர்ப் பிள்ளை, "ஏய்யா, பீடி குடிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது, சாகப்போறியா?" என்று வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி கத்துகிறது. எனக்குப் பின்னால் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவருக்கு "உட்காருங்க சார்". அன்றிலிருந்து அப்பா அங்கே போவதில்லை. பீடியையும் விடவில்லை.

ஓபி_டாக்டர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சில ஊரில் "வாம்மா, உக்காரும்மா" என்பது உரிமையாகப் பேசுவது, அதை நானும் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்வது அது இல்லை.

செவ்வந்தி:
திட்டினால் அவர்கள் நோயை விடமாட்டார்கள், நம்மிடம் சொல்வதைத்தான் விடுவார்கள். நொய்யல்கரை தம்பியின் அம்மா டவுன் மாத்திரையை ஒளித்ததற்குக் காரணம் என்ன? "திட்டுவாங்க." அந்த ஒரு சொல்லுக்கு விலை மூன்று மாதக் கால் வீக்கம்.

மருந்துக்கட்டு:
நான் மருந்தாளுநர். இந்தப் பேச்சில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லையே! டாக்டரிடம் இரண்டு நிமிடம் என்றால் எங்களிடம் இருபது விநாடி. அதுவும் ஓட்டை வழியாகக் கை மட்டும் தெரியும், முகம் தெரியாது.

டாக்டர் எழுதுவது 1-0-1. நான் கவரில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கோடு போட்டுக் கொடுப்பேன். ஆனால் வயதானவர்கள் கவரைப் படிப்பதில்லை, மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அரசு மருந்து டெண்டரில் வருவது, வருடத்துக்கு வருடம் கம்பெனி மாறும். போன வருடம் நீளமாக இருந்த சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இந்த வருடம் உருண்டையாக வரும். "இது என் மாத்திரை இல்லீங்க" என்று சண்டைக்கு வருபவர்கள் புத்திசாலிகள். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய், மீதமிருக்கும் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுபவர்களை நினைத்தால்தான் தூக்கம் போகிறது.

மருந்தின் மூலப்பெயரை, படிக்கிற மாதிரி, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியது. அந்த டவுன் சீட்டில் அம்லோடிபின் என்று எழுதியிருந்தால், என்னை மாதிரி ஒருவர் ஜன்னலில் பார்த்திருந்தால், அங்கேயே பிடித்திருக்கலாம். ஆனால் அம்மா சீட்டைக் காட்ட மாட்டாரே, திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

வெண்கோட்டு_வாலிபன்:
ஹவுஸ் சர்ஜன் பேசுகிறேன். 2019-லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே நோயாளியோடு பேசுவது எப்படி என்று தனிப் பகுதி இருக்கிறது. ஏட்காம் என்போம். ஒரு மாணவன் நோயாளியாக நடிப்பான், ஒருவன் டாக்டர். எங்கள் வகுப்பில் அது மொத்தமும் ஆங்கிலத்தில் நடந்தது! "ஹௌ ஆர் யூ ஃபீலிங் டுடே?" என்று கேட்டு மதிப்பெண் வாங்கினேன். அடுத்த வாரம் வார்டில் ஒரு தாத்தா, "குத்தலும் கொடச்சலுமா இருக்கு" என்றார். குத்தல் வேறு, குடைச்சல் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று. பேசவிட்டால் நோயாளி நிறுத்த மாட்டார் என்று எல்லா டாக்டரும் பயப்படுகிறோம். 1984-ல் அமெரிக்காவில் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். 1999-ல் இன்னொரு குழு பார்த்தது, 23 விநாடி. ஆனால் முழுக்கப் பேசவிட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக வெறும் 6 விநாடி. 2002-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு புறநோயாளிப் பிரிவில், டாக்டர்கள் குறுக்கிடாமல் இருந்தபோது நோயாளிகள் தாங்களாகவே சராசரியாக 92 விநாடியில் முடித்துவிட்டார்கள்.

ஓபி_டாக்டர்:
தம்பி, சுவிட்சர்லாந்து நோயாளிக்குப் பின்னால் நூறு பேர் சீட்டோடு நிற்கவில்லை. 92 விநாடியைக் கொடுத்தால் எனக்கு மீதி 28 விநாடிதான். அந்த 6 விநாடிக் கணக்கை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், அது கட்டுப்படியாகும்.

நாரி_நோ:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். இங்கே ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பத்து நிமிடம் கிடைக்கும். அதனால் எல்லாம் சுகமாக நடக்குது என்று நினையாதேங்கோ. "ஒரு முறைக்கு ஒரு வருத்தம் மட்டும் கதையுங்கோ" என்று சுவரில் ஒட்டியிருப்பினம் (வருத்தம் என்றால் எங்களுக்கு நோய்). அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார், இந்தியத் தமிழர், நல்ல மனிசன். அம்மா, "நாரி நோகுது" என்றா. அங்கால கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அம்மா, எந்த நாரி?" என்று கேட்டார். எங்களுக்கு நாரி என்றால் இடுப்பு, முதுகின் அடிப்பக்கம். அவருக்கு நாரி என்றால் பெண். நான் குறுக்கே விழுந்து விளங்கப்படுத்தினேன். சிரிச்சுப் போட்டு விட்டிடலாம், ஆனால் நான் பக்கத்தில் இல்லாத நாளில் என்ன நடந்திருக்கும்?

நேர்ப்பேச்சு:
நான் முதலில் எழுதியதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் என் மாமியார் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். என்ன கிடந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

ஓபி_டாக்டர்:
இரண்டு நாளாக ஒரு சோதனை செய்துகொண்டிருக்கிறேன். "வேற எங்கயாவது மாத்திரை வாங்குறீங்களா?" என்று முன்பு கேட்டால் "இல்லீங்க" என்பார்கள். இப்போது, "வேற இடத்துலயும் காட்டியிருப்பீங்க, அது தப்பில்ல. அந்த மாத்திரையும் இருக்கா?" என்கிறேன். நேற்று வந்த முதல் பத்துப் பேரில் மூன்று பேர் இடுப்பு மடிப்பிலிருந்தும் மஞ்சப்பையிலிருந்தும் அட்டையை எடுத்தார்கள். ஒருவர் எடுத்தது நாட்டு மருந்துப் பொட்டலம். மொத்த நேரம் கூடியதா என்றால், கூடியது. 12 மணிக்கு முடிய வேண்டியது 12.40 ஆனது. ஸ்டாஃப் நர்ஸ் என்னை முறைத்தார்.

நர்ஸம்மா, கடைசியில் அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள நீங்கள் என்ன கேட்பீர்கள்?

செவ்வந்தி:
"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது, "சரிங்க" வந்துவிடும். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும், பெரியவர்களுக்குக் கோபம் வரும். நான் இப்படிக் கேட்பேன்: "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாளே, நர்ஸம்மா என்ன சொன்னாங்கன்னு. அவகிட்ட என்ன சொல்வீங்க?" மருமகளுக்குச் சொல்வது என்றால் எல்லா மாமியாருக்கும் குரல் வந்துவிடும்!

நொய்யல்கரை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். லீவு போட்டு, டின்னோடு அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அட்டைகளை மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. ஓர் அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தி, ரத்தத்தில் உப்பு பார்க்க எழுதினார், ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்.

நர்ஸம்மா எழுதியதை நான் அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் நானே கேட்டேன். "பக்கத்து வீட்டு அக்கா கேட்டா என்னம்மா சொல்லுவ?" பிரஷர் மாத்திரையைச் சரியாகச் சொன்னார். சர்க்கரை மாத்திரைக்கு வந்ததும், "அது எப்பவும் போல வெறும் வயித்துல" என்றார். மெட்ஃபார்மின், நாலு வருடமாக வெறும் வயிற்றில்! வயிறு புரட்டுகிறது என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாங்கள் எல்லோரும் வயசு என்று விட்டுவிட்டோம். திரும்ப ஜன்னலுக்குப் போய் மருந்தாளுநரிடம் கேட்டோம். சாப்பிட்ட பிறகு என்று கவரில் தட்டும் கரண்டியும் வரைந்து கொடுத்தார்.

இப்போது கால் வீக்கம் வற்றிவிட்டது. பழைய செருப்பு போடுகிறார். டவுன் டாக்டருக்கும் தெரிய வேண்டுமே என்று இங்கே எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். ஐந்து நிமிடம் பார்த்தார், தன் நோட்டில் குறித்துக்கொண்டார், பீஸ் வாங்கவில்லை.

செவ்வந்தி:
நல்லது தம்பி. உப்பு ரிசல்ட் வந்ததா? அப்புறம், சர்க்கரை நாலு வருடம் என்கிறீர்களே, கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்தார்களா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்களா?

நொய்யல்கரை:
உப்பு சரியாக இருக்கிறது. கண்ணும் பாதமும் இல்லை நர்ஸம்மா. அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன்.